வென்றவர் பக்கம் நின்று தோற்றவர்

ஏழாண்டுப் போர் என்றதும் நம் நினைவுக்கு வருவன பிரஷ்ய மன்னர் இரண்டாம் பிரெடரிக்கும், ஆஸ்திரிய அரசி மரியா தெரசாவும், கனடாவின் கியூபெக் கோட்டையுமே. 1756 முதல் 1763 வரை ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் மேற்கிந்தியத் தீவுகளிலும் மேற்கு ஆப்பிரிக்கக் கரையிலும் இந்தியாவிலும் பிலிப்பைன்ஸிலும் நடந்த போர் அது. ஆங்கிலம் பேசும் மக்களின் வரலாற்றை எழுதிய வின்ஸ்டன் சர்ச்சில், அப்போரைக் கூறும் அத்தியாயத்துக்கு 'முதல் உலகப் போர்' என்றே தலைப்பிட்டார். அந்த உலகப் போரின் போக்கைத் தீர்மானித்த களங்களுள் ஒன்று திண்டிவனத்திலிருந்து பேருந்தில் ஏறத்தாழ ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கிறது. வேறு சில களங்கள் விழுப்புரம் மாவட்டத்துக்குள்ளேயே இருக்கின்றன. அவ்வழியே நாள்தோறும் போய்வரும் நம்மில் எத்தனை பேர் அவற்றை உலகப் போர்க்களங்களாக எண்ணிப் பார்த்திருக்கிறோம்?

முதலில் களங்களைப் பார்ப்போம். 1760 ஜனவரி 22ஆம் நாள் வந்தவாசியில் லாலியின் தலைமையிலான பிரெஞ்சுப் படையும் அயர் கூட்டின் தலைமையிலான ஆங்கிலப் படையும் மோதின. பிரெஞ்சுப் படை தோற்றது. அதன் புகழ்பெற்ற தளபதி புஸ்ஸி சிறைப்பட்டார். அடுத்த பதினைந்து மாதங்களில் தென்னார்க்காட்டுச் சீமையின் கோட்டைகள் ஒவ்வொன்றாக ஆங்கிலேயர் வசமாயின. திண்டிவனத்திலிருந்து மரக்காணம் செல்லும் சாலையில் உள்ள பெருமுக்கல் குன்றின் மேலிருந்த கோட்டையைப் பிடிக்கும் சண்டையில் அயர் கூட்டே காயமுற்றார். வழுதாவூர் வீழ்ந்தது, சிதம்பரம் வீழ்ந்தது, வில்லியனூர் வீழ்ந்தது. 1761 ஜனவரி 16 அன்று புதுச்சேரி பணிந்தது. தியாகதுருகம் அதைத் தொடர்ந்தது. ஏப்ரல் 5 அன்று செஞ்சிக் கோட்டையிலிருந்தும் பிரெஞ்சுக் கொடி இறங்கியது.

இவற்றை நம் பாடநூல்கள் 'மூன்றாம் கர்நாடகப் போர்' என்ற தலைப்பில் சொல்கின்றன. பெயரில் கர்நாடகம் இருக்கிறது, கதையில் இல்லை. ஆங்கிலேயர் ஒருபுறம், பிரெஞ்சுக்காரர் மறுபுறம், இடையில் ஒரு வெறும் நிலப்பரப்பு என்பதுபோலவே அது சொல்லப்படுகிறது. ஆனால் கர்நாடகம் அன்று ஓர் அரசு. ஆர்க்காட்டைத் தலைநகராகக் கொண்டு, முகமது அலி என்ற நவாபின் பெயரால் ஆளப்பட்ட நாடு. ஆங்கிலேயரின் துணைநாடாக அது உலகப் போரில் நின்றது. அதன் பக்கம் வென்றது. வென்றபின் நாற்பது ஆண்டுகளில் அந்த நாடே இல்லாமற் போயிற்று. தோற்ற பிரெஞ்சுக்காரருக்கோ புதுச்சேரி திரும்பக் கிடைத்தது. 1954 வரை அவர்கள் அங்கே இருந்தார்கள். தோற்றவன் பிழைத்திருக்க வென்றவனின் துணைவன் அழிந்த இந்த முரணைத்தான் நாம் பேச வேண்டும் என்று கருதுகிறோம்.

முகமது அலி ஆங்கிலேயரிடம் போய்ச் சேர்ந்த சூழலை நியாயமாகவே எடைபோட வேண்டும். அவருடைய தந்தை அன்வாருதீன் 1749இல் ஆம்பூரில் கொல்லப்பட்டார். கொன்ற பக்கத்தில் சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரரும் இருந்தனர். திருச்சிராப்பள்ளிக் கோட்டைக்குள் முற்றுகையில் கிடந்த முகமது அலிக்கு வேறு யாரும் கைகொடுக்கும் நிலையில் இல்லை. தனக்குத் துணையில்லாத நிலையில் பகை இரண்டாக வந்தால், அவ்விரண்டில் ஒன்றை நல்ல துணையாக்கிக்கொள் என்பது வள்ளுவர் தரும் அறிவுரை. பகைத்திறம் தெரிதல் அதிகாரத்தில் அதைக் காணலாம். முகமது அலி செய்தது அதுவே. 1752இல் சந்தா சாகிபு கொல்லப்பட்டதும் அந்தக் கணக்கு பலித்துவிட்டதாகவே தோன்றியிருக்கும்.

ஆனால் அதே வள்ளுவர் வலியறிதல் அதிகாரத்தில் வினையின் வலி, தன் வலி, மாற்றான் வலி, துணைவரின் வலி என நான்கையும் தூக்கிப் பார்க்கச் சொல்கிறார். துணைவரின் வலி போதுமானதாக இருக்கிறதா என்று பார்ப்பதற்காக அது சொல்லப்பட்டது என்றே நாம் வகுப்பில் பொருள் சொல்லி வருகிறோம். துணைவரின் வலி தன் வலியைக் காட்டிலும் மிகுந்திருந்தால் என்ன ஆகும் என்பதும் அந்தத் தராசில் வைத்துப் பார்க்க வேண்டிய ஒன்றே. முகமது அலியின் துணைவருக்கு இது ஆர்க்காட்டுப் பதவிப் போட்டி மட்டுமன்று. கனடாவிலும் கரிபியனிலும் நடந்த பெரிய ஆட்டத்தின் ஒரு காய்நகர்த்தல். அந்த ஆட்டம் எங்கே முடியும், எப்போது முடியும் என்பதில் ஆர்க்காட்டுக்குச் சொல் இல்லை.

சிறிய துணைநாடு இப்போருக்கு என்னென்ன கொடுத்தது? முதலாவதாகத் தன் பெயரைக் கொடுத்தது. முகலாயப் பேரரசின் ஆட்சி பெயரளவிலேனும் நிலவிய நாட்டில் ஒரு வணிகக் கும்பெனி தன் பெயரில் போர் நடத்தவும் கோட்டைகளைப் பிடிக்கவும் உரிமையற்றது. 'நாங்கள் முறையான நவாபுக்கு உதவ வந்தவர்கள்' என்ற ஒரு வாக்கியம்தான் ஆங்கிலேயருக்குச் சட்டத்தின் போர்வை. அந்தப் போர்வையை நெய்து கொடுத்தவர் முகமது அலி.

இரண்டாவதாக, ஆட்கள். வந்தவாசியில் ஆங்கிலேயர் பக்கம் நின்ற ஐரோப்பியர் ஏறத்தாழ 1,900 பேர். சிப்பாய்கள் ஏறத்தாழ 2,100 பேர். இவர்களுக்கு மேல் நாட்டுக் குதிரைப்படையினர் ஆயிரத்துக்கும் அதிகம். 1758 டிசம்பரிலிருந்து 1759 பிப்ரவரி வரை லாலி சென்னையை முற்றுகையிட்டபோது, முற்றுகைப் படையை வெளியிலிருந்து அலைக்கழித்தவர்களுள் முதன்மையானவர் கான்சாகிபு என்று மக்கள் அழைத்த யூசுப்கான். அவரையே 1764இல் நவாபும் கும்பெனியும் சேர்ந்து மதுரையில் தூக்கிலிட்டனர் என்பது தனிக்கதை. இன்னொரு செய்தி பலருக்கு வியப்பளிக்கலாம். 1762இல் ஸ்பெயினும் போரில் இறங்கியதும், அதன் வசமிருந்த மணிலாவைப் பிடிக்க ஒரு படை சென்னையிலிருந்துதான் கப்பலேறியது. அதிலே சென்னைச் சிப்பாய்களும் சென்றனர். அவர்களுள் திரும்பி வராமல் அங்கேயே தங்கியவர்களின் வழித்தோன்றல்கள் மணிலாவை அடுத்த கைந்தா என்ற ஊரில் இன்றும் உள்ளனர். ஸ்பானிய மன்னனோடு நம் சீமைச் சிப்பாய்க்கு என்ன வழக்கு இருந்திருக்க முடியும்?

மூன்றாவதாக, பணம். நம் வாதத்தின் மையம் இதுதான். இதே போரில் ஐரோப்பாவில் இங்கிலாந்தின் துணைநாடு பிரஷ்யா. 1758 ஏப்ரலில் இருநாடுகளும் செய்த உடன்படிக்கையின்படி இங்கிலாந்து பிரஷ்யாவுக்கு ஆண்டுக்கு 6,70,000 பவுன் கொடுத்தது. பிரெடரிக் தன் எதிரிகளோடு போரிட, செலவில் ஒரு பங்கை லண்டன் ஏற்றது. பிரெஞ்சுப் படைகளை அவர் கண்டத்தில் கட்டிப்போட்டதற்கான விலை அது. கர்நாடகத்திலும் பிரெஞ்சுப் படைகள் கட்டிப்போடப்பட்டன. ஆனால் இங்கே கணக்கு தலைகீழ். போர்ச் செலவு நவாபின் பற்றில் எழுதப்பட்டது. ஐரோப்பாவில் துணைவனுக்குப் பணம் கொடுத்த அதே தேசத்தார், இங்கே துணைவனிடமிருந்து பணம் வாங்கினார்கள். புதுச்சேரி முற்றுகைச் செலவைத் தாம் ஏற்பதாகவும், நகரில் கிடைக்கும் படைச்சரக்குகள் தமக்கு வர வேண்டும் என்றும் நவாபு பேசியிருந்தார் என்றும், நகரம் வீழ்ந்தபின் கும்பெனி ஊழியர் அச்சரக்குகளைத் தாமே எடுத்துக்கொண்டனர் என்றும் ஜேம்ஸ் மில் தம் இந்திய வரலாற்றில் எழுதுகிறார். நம் மக்கள்மீது கரிசனம் கொண்டவர் என்று எவரும் மில்லைச் சொல்லமாட்டார்கள். அவரே எழுதியிருக்கிறார் என்பதுதான் கவனிக்க வேண்டியது.

நான்காவதாக நிலமும் அதில் வாழ்ந்த மக்களும். இதைப் பேசும்போது நவாபையும் கும்பெனியையும் சற்றே ஒதுக்கிவைத்துவிடலாம். 1758இல் கடலூர்மீது படையெடுத்துச் சென்ற லாலி, புதுச்சேரி நகர மக்களைச் சாதி பாராமல் பிடித்துச் சுமை தூக்கவும் வண்டி இழுக்கவும் வைத்தார் என்பது அக்கால நூல்கள் கூறும் செய்தி. அவர்களும் 'துணைவர்'தாம், பிரெஞ்சுக்காரரின் துணைவர்! 1760 நவம்பர் இறுதியில் முற்றுகையில் உணவு தீர்ந்துகொண்டிருந்தபோது, எஞ்சியிருந்த நாட்டு மக்களை லாலி நகரைவிட்டு வெளியேற்றினார். ஆணும் பெண்ணும் பிள்ளைகளுமாக ஏறத்தாழ 1,400 பேர். ஆங்கிலக் காவலர்கள் அவர்களை மேலே செல்ல விடவில்லை. அவர்கள் வெளியேறிவிட்டால் நகரின் உணவு இன்னும் பல நாள் தாங்கிவிடும் என்பது ஆங்கிலேயர் கணக்கு. திரும்பி வந்தவர்களுக்குக் கோட்டை வாயிலும் திறக்கவில்லை. எட்டு நாள்கள், இரு படைகளுக்கும் இடைப்பட்ட வெளியில், புல்லின் வேரைப் பிடுங்கித் தின்று கிடந்தார்கள். அதன்பிறகே ஆங்கிலேயர் வழிவிட்டனர். இதை எழுதிவைத்தவர் சென்னைக் கும்பெனி ஆட்சிக்குழுவில் இருந்த ராபர்ட் ஓர்ம்.

புதுச்சேரியிலிருந்து மேற்கே நடந்தால் விழுப்புரம். வடமேற்கே நடந்தால் திண்டிவனம். வயிறு காய்ந்த அந்த 1,400 பேரும் அடியெடுத்து வைத்தது இந்தச் சீமையின் மண்ணில்தான். அவர்களுள் ஒருவர் பெயரும் எந்த ஏட்டிலும் இல்லை. வந்தவாசியில் எத்தனை ஐரோப்பியர் மாண்டனர், எத்தனை பீரங்கிகள் பிடிபட்டன என்பதற்கெல்லாம் கணக்கு இருக்கிறது.

எதிரணியின் சிறிய துணையையும் பார்ப்பது நலம். 1760 கோடையில் லாலி மைசூரின் ஐதர் அலியோடு உடன்பாடு செய்தார். தியாகதுருகம் கோட்டை மைசூருக்கு. அதற்கு ஈடாகக் குதிரைப்படையும், புதுச்சேரிக்கு வேண்டிய மாடுகளும் உணவும். மைசூர்ப் படை வந்தது. ஜூலையில் திருவதிகையருகே ஓர் ஆங்கிலப் படைப்பிரிவை முறியடிக்கவும் செய்தது. ஆனால் பிரெஞ்சுக்காரரின் வறிய நிலையைக் கண்டும், தம் நாட்டிலேயே ஐதருக்கு எதிராகக் கிளம்பிய குழப்பத்தாலும், சில வாரங்களில் திரும்பிப் போய்விட்டது. நம்பிக்கைத் துரோகம் என்று பிரெஞ்சுக்காரர் சொல்லக்கூடும். ஆனால் பிறர் போரில் எதுவரை நிற்பது என்று தானே முடிவு செய்யக்கூடிய துணைநாடு அது. அந்த முடிவுரிமை முகமது அலியிடம் இல்லை. கோட்டைகளில் இருந்த காவற்படை கும்பெனியுடையது. கணக்குப் புத்தகமும் கும்பெனியுடையது.

போர் முடிந்தது. 1763 பிப்ரவரி 10ஆம் நாள் பாரிஸ் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அதன் பதினோராவது பிரிவு, முகமது அலியைக் கர்நாடகத்தின் முறையான நவாபாகவும், சலாபத் சங்கைத் தக்காணத்தின் முறையான சுபேதாராகவும் இருதரப்பும் ஏற்பதாகச் சொல்கிறது. நம் சீமையின் அரசர் யார் என்பது பாரிசில் எழுதப்பட்டது. அந்த மேசையில் ஆர்க்காட்டின் தூதர் இல்லை. ஐதராபாத்தின் தூதரும் இல்லை. இருந்திருந்தால், சலாபத் சங் 1762லேயே தம் தம்பி நிசாம் அலியால் பதவியிறக்கப்பட்டுச் சிறையில் கிடக்கிறார் என்ற சிறு செய்தியையாவது சொல்லியிருப்பார்! சிறைக்கைதியை அரசரென்று உலக வல்லரசுகள் ஏற்றுக்கொண்ட அந்த ஆண்டிலேயே அவர் மாண்டும் போனார். துணைநாடுகளைப் பற்றிப் பெரியநாடுகள் எவ்வளவு அக்கறையோடு எழுதும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

'முறையான நவாபு' என்ற பட்டம் கிடைத்தது, கடனும் கிடைத்தது. 1763லேயே செங்கற்பட்டுச் சீமையைக் கும்பெனிக்கு ஜாகிராக எழுதிக்கொடுத்தார் முகமது அலி. கும்பெனிக்குக் கட்ட வேண்டியதைக் கட்டுவதற்குக் கும்பெனியின் ஊழியர்களிடமே உயர்ந்த வட்டிக்குக் கடன் வாங்கினார். கடனுக்கு ஈடாகச் சீமைகளின் வரித்தண்டல் அவர்கள் கைக்குப் போயிற்று. 1768இல் சேப்பாக்கத்தில் மாளிகை எழுந்தது. ஆர்க்காட்டு நவாபு சென்னைக் கோட்டையின் பீரங்கிகளுக்கு எட்டும் தூரத்தில் குடியேறினார். 1785 பிப்ரவரி 28 அன்று எட்மண்ட் பர்க் இங்கிலாந்து நாடாளுமன்றத்தில் ஆர்க்காட்டு நவாபின் கடன்களைப் பற்றியே நெடிய உரையாற்றும் அளவுக்கு அந்தக் கடன் பெருகியிருந்தது. 1795இல் முகமது அலி மறைந்தார். 1801 ஜூலையில் அவர் மகன் உம்தத்துல் உமரா மறைந்ததும், அந்த மாத இறுதியிலேயே புதிய உடன்படிக்கையால் கர்நாடகத்தின் ஆட்சி கும்பெனியின் கைக்கு வந்தது. வருவாயில் ஐந்தில் ஒரு பங்கு நவாபு குடும்பத்துக்கு. தென்னார்க்காடு கலெக்டரின் சீமையாயிற்று. வந்தவாசிக்கும் இதற்கும் இடையே நாற்பத்தொரு ஆண்டுகள்.

இங்கே இரண்டு மறுப்புகள் எழக்கூடும். நவாபின் ஆடம்பரமும் ஆசையும்தானே கடனுக்குக் காரணம் என்பது ஒன்று. அவர் பொறுப்பை நாம் மறுக்கவில்லை. தஞ்சை மராட்டிய அரசின்மீது கும்பெனியை ஏவிவிட்டு அந்நாட்டைச் சூறையாடச் செய்தவர் அவர். ஆனால் கடன்பட்டவனின் குற்றம் கடன்கொடுத்தவனின் கணக்கைச் சுத்தமாக்கிவிடாது. பர்க் சொன்னதும் ஏறத்தாழ அதுவே: கடன்காரனும் கடன்கொடுத்தவனும் கூடிப்பேசி, உழுபவனின் விளைச்சலைப் பங்கிட்டனர் என்பதே அவர் குற்றச்சாட்டின் சாரம்.

நவாபு தமிழரல்லர், அவரது அவைமொழி பாரசீகம், அவர் கதை எப்படி நம் கதையாகும் என்பது மற்றொன்று. இக்கேள்வியின் நியாயம் நமக்குப் புரிகிறது. ஆயினும் வரி கொடுத்தவர் தமிழர். சிப்பாயாகப் போனவருள் தமிழர் உண்டு. இரு படைகளுக்கு நடுவே புல்வேர் தின்றவர் தமிழர். அரசர் நம்மவரல்லர் என்பதாலேயே இக்கதையை ஒதுக்கினால், அவரோடு சேர்த்து இவர்களையும் ஒதுக்குகிறோம். ஒரு நாடு துணைநாடாகும்போது கையெழுத்திடுபவர் வேறு, விலை கொடுப்பவர் வேறு. 1939 செப்டம்பர் 3 அன்று வைசிராய் லின்லித்கோ இந்தியத் தலைவர் எவரையும் கேளாமல் இந்தியாவைப் போரில் இறக்கியபோதும் அப்படித்தான் நடந்தது. அப்போதாவது கேட்கவில்லையே என்று கேட்க ஒரு காங்கிரஸ் இருந்தது. மாகாண அமைச்சரவைகள் பதவி விலகின. 1760இல் கேட்பதற்கு யாரும் இல்லை.

அன்று கேட்காத கேள்வியை இன்று கேட்கலாம் என்பதே நம் கட்சி. அதற்கான சான்று நம் மொழியிலேயே இருக்கிறது. 1736இல் தொடங்கி எழுதப்பட்ட ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு, லாலி காலத்துப் புதுச்சேரியை உள்ளிருந்து காட்டுகிறது. பிள்ளை 1761 ஜனவரி 12 அன்று மறைந்தார். நான்கே நாளில் நகரம் வீழ்ந்தது. ஓர் உலகப் போரைத் தமிழில், அது நடக்கும்போதே, அது நடக்கும் ஊரிலேயே இருந்து எழுதிய நூல் இது. நாமோ முதுகலைத் தமிழ் வகுப்புகளில் அதை 'உரைநடை வளர்ச்சி' என்ற அலகில் வைத்து, பிறமொழிச் சொற்களைப் பொறுக்கச் சொல்லி, ஐந்து மதிப்பெண் வினாவாக்கி முடித்துவிடுகிறோம். அந்த உரைநடை எதைச் சொல்கிறது என்று படிப்பதற்குப் பாடத்திட்டத்தில் இடமில்லை. வரலாற்றுத் துறையினர் அதன் ஆங்கிலப் பெயர்ப்பைப் படிக்கிறார்கள். தமிழ்த் துறையினர் மூலத்தின் சொற்களை எண்ணுகிறார்கள். இரண்டு துறைகளும் ஒரே கட்டடத்தில் இருந்தும் இப்படி.

செஞ்சிக்கும் இதைச் சொல்லலாம். 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் மராட்டியப் படைத்துறைக் கோட்டைகளாகச் சேர்க்கப்பட்ட பன்னிரண்டில், மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது செஞ்சி ஒன்றே. மகிழ வேண்டிய செய்தி. மலையேறும் பயணிகள் தேசிங்குராசன் கதையைக் கேட்கிறார்கள். இனிச் சிவாஜியின் பெயரையும் கூடுதலாகக் கேட்பார்கள். 1750 முதல் 1761 வரை அங்கே பிரெஞ்சுக் கொடி பறந்ததும், அது இறங்கிய நாளில் ஓர் உலகப் போரின் தமிழகக் களம் ஓய்ந்ததும் அவர்களுக்குச் சொல்லப்பட வேண்டும். 1714இல் மாண்ட தேசிங்குக்கும், 1764இல் தூக்கிலேறிய கான்சாகிபுக்கும் மக்கள் கதைப்பாடல் கட்டினார்கள். அந்த 1,400 பேரைப் பாடியவர் எவரையும் நாம் கேட்டதில்லை.

விழுப்புரம், திண்டிவனம், செஞ்சி ஆகிய ஊர்க் கல்லூரிகளின் தமிழ்த் துறையும் வரலாற்றுத் துறையும் சேர்ந்து, 1758 முதல் 1761 வரையிலான நாட்குறிப்புப் பகுதிகளை ஒரு பருவம் ஒன்றாகப் படிக்கலாம். பெருமுக்கல், வழுதாவூர், திருவதிகை, தியாகதுருகம் ஆகிய ஊர்களுக்கு மாணவரை அழைத்துச் சென்று அந்தந்த இடத்தில் வைத்தே படிக்கலாம். இதற்குப் பெரிய நிதி வேண்டாம். பேருந்துக் கட்டணம் போதும். வல்லரசுகள் சிறிய நாடுகளைத் தம் பக்கம் வா என்று அழைப்பது இன்றும் நின்றபாடில்லை. அப்படி ஓர் அழைப்பு வரும்போது, செலவு யார் பற்றில் எழுதப்படும், உடன்படிக்கை மேசையில் நமக்கு நாற்காலி உண்டா என்ற இரண்டையும் முதலில் கேட்டுவைக்கும் தலைமுறை ஒன்று வேண்டுமானால், அது கற்க வேண்டிய பாடம் தொலைவில் இல்லை. திண்டிவனம் பேருந்து நிலையத்தில் வந்தவாசி வண்டி ஏறினால் போதும்.